இரண்டு மலை, நடுவில் சூரியன்: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே படம் வரையச் சொல்லித் தருவது எப்படி?

எந்தப் பள்ளிப் பிள்ளையிடமும் பேப்பரைக் கொடுத்து "ஒரு படம் வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், மேலே நாலு காக்கா. மலையை நேரில் பார்த்தே இராத சென்னைப் பிள்ளையும் இதைத்தான் வரையும், நாமும் இதைத்தான் வரைந்தோம், நம் அப்பா அம்மாவும் அநேகமாக இதைத்தான் வரைந்திருப்பார்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்ட படம், அதை வரையும்போது கண்ணுக்கு வேலையே கிடையாது. வீட்டில் சொல்லித் தரப்போகிறீர்கள் என்றால் பிள்ளைக்கு முதலில் பார்க்கப் பழக்குங்கள் என்பதுதான் என் கட்சி. கை பின்னாலேயே வந்துவிடும்.

"எனக்கே வரையத் தெரியாதே" என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நன்றாக வரையத் தெரிந்த அப்பாக்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: "இங்க குடு, இப்படிப் போடணும்" என்று பென்சிலைப் பிடுங்கிப் பிள்ளையின் படத்திலேயே திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது பிள்ளையின் படம் இல்லை, அடுத்த தடவை "நீயே வரைஞ்சு குடு" என்று பேப்பரை நீட்டும். பிள்ளையின் பேப்பரில் உங்கள் கை படக்கூடாது, இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்கள் வேறு பேப்பர் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, சொல்லப்போனால் அப்படி வந்தால் பிள்ளைக்குத் தைரியம் கூடும்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர், பிள்ளைகளின் படங்கள் வயதுக்கு ஏற்றபடி எப்படி மாறுகின்றன என்று 1947-இல் படிப்படியாகப் பிரித்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதில் குறை சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் வீட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகும். இரண்டிலிருந்து நாலு வயது வரை கிறுக்கல்தான். நாலு வயது வாக்கில் ஒரு வட்டம், அதில் இரண்டு கண், வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால், உடம்பே இருக்காது. அதுதான் அம்மா. கோபப்படாதீர்கள், உலகம் முழுக்க அந்த வயதுப் பிள்ளைகள் மனிதர்களை இப்படித்தான் வரைகிறார்கள். ஆறு, ஏழு வயதில் பேப்பரின் அடியில் ஒரு கோடு வரும், எல்லாம் அதன் மேல் வரிசையாக நிற்கும், மேலே ஒரு நீலப் பட்டை வானமாகும், நடுவில் வெள்ளையாகவே கிடக்கும். அந்தப் பிள்ளைக்கு வானம் மேலே, தரை கீழே, நடுவில் காற்று, அதன் கணக்கு சரிதான். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் வழியாக உள்ளே இருப்பவர்களின் கால் வரை தெரிகிற மாதிரி வரைவதும் இந்த வயதில்தான். இதையெல்லாம் திருத்தக்கூடாது. எட்டு வயதுக்கு மேல் ஒரு நாள் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் "வானம் எதுவரைக்கும் இருக்கு?" என்று கேளுங்கள், அடுத்த படத்தில் நீலம் கீழே இறங்கலாம், இறங்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

என்ன வாங்குவது

கடைக்குப் போனால் 48 கலர், 60 கலர் என்று பெட்டி பெட்டியாக இருக்கும், பிள்ளையும் அதைத்தான் கேட்கும். வாங்காதீர்கள். கலர் கூடக் கூடக் கலக்கிப் பார்க்கும் ஆசை குறைகிறது.

பென்சில் என்றால் 2பி ஒன்று போதும். ஹெச்பி எழுதுவதற்கு நல்லது, வரைய அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் பேப்பரில் பள்ளம் விழும், அழித்தாலும் தடம் போகாது. அப்சராவோ நடராஜோ கேம்லினோ எதுவானாலும் சரி. ரப்பரை முதல் பத்து நிமிடத்துக்கு ஒளித்து வையுங்கள். ரப்பர் கையில் இருந்தால் ஒரு கோடு போட்டு ஒன்பது தடவை அழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கடைசியில் பேப்பர்தான் ஓட்டையாகும்.

சின்னப் பிள்ளைக்கு மெழுகு க்ரயான் போதும், கொஞ்சம் குண்டாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஆயில் பேஸ்டல் வாங்கலாம், மெழுகைவிட மென்மையாக இருக்கும், கலர் திக்காக விழும், ஒன்றன்மேல் ஒன்று போட்டு விரலால் தேய்த்தால் கலந்துகொள்ளும். கை, சட்டை, சுவர் எல்லாம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்ச் பென் பக்கம் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை, அழுத்தினாலும் ஒரே கோடு, லேசாகப் போட்டாலும் ஒரே கோடு.

பெயின்ட்டில் போஸ்டர் கலரும் வாட்டர் கலரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். போஸ்டர் கலர் அடியில் இருப்பதை மூடிவிடும், தப்பு விழுந்தால் காய்ந்த பிறகு மேலே இன்னொரு கலர் அடிக்கலாம், வெள்ளையைக் கலந்து வெளிறச் செய்யலாம். வாட்டர் கலர் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பது தெரியும். அதனால் லேசான கலரில் தொடங்கிப் போகப் போக அடர்த்தியாக்க வேண்டும், வெள்ளை வேண்டிய இடத்தில் பேப்பரையே விட்டுவிட வேண்டும். ஆரம்பத்துக்கு எது என்று கேட்டால், பிள்ளை மனம் உடையாமல் இருக்கப் போஸ்டர் கலர்தான். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, இந்த நாலு புட்டி. கறுப்பு வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அக்ரிலிக் இப்போதைக்கு வேண்டாம், காய்ந்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும், பள்ளிச் சட்டையில் பட்டால் அந்தச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

பிரஷ் இரண்டு: ரவுண்டு நாலாம் நம்பர் ஒன்று, பத்தாம் நம்பர் ஒன்று. பெரிய பிரஷ்ஷை முதலில் கையில் கொடுங்கள். சின்ன பிரஷ் கொடுத்தால் ஓரத்தில் உட்கார்ந்து நகம் அளவுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கும்.

பேப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெராக்ஸ் ஷீட் 70, 80 ஜிஎஸ்எம்தான் இருக்கும், அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை அத்தனை கிராம். பென்சிலுக்கும் க்ரயானுக்கும் அது தாராளம். தண்ணீர் பட்டால் அப்பளமாகச் சுருண்டுவிடும், பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பெயின்ட்டுக்குச் சார்ட் பேப்பர் ஒன்றை வாங்கி எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், வழவழப்பு இல்லாத பக்கத்தில் அடிக்க வேண்டும். வாட்டர் கலருக்கு என்றே விற்கும் 300 ஜிஎஸ்எம் தாள் அருமையாக இருக்கும், விலையும் அப்படித்தான், அதை ஒன்பது பத்து வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒன்று பிரஷ்ஷை அலச, இன்னொன்று சுத்தமாகத் தொட்டுக்கொள்ள. ஒரு பழைய பீங்கான் தட்டு, கலர் கலக்க. கிழிந்த வேட்டித் துண்டு ஒன்று. தரையில் பழைய பேப்பரை விரித்துவிட்டு உட்காருங்கள், சோபா பக்கம் போகவே வேண்டாம்.

பென்சிலோடு முதல் சில வாரம்

கோடு போடப் பழக்க வேண்டும் என்றால் நம் வாசலிலேயே வகுப்பு இருக்கிறது. புள்ளிக் கோலத்தில் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்கக் கண் அளவு வேண்டும், சிக்குக் கோலத்தில் புள்ளியைத் தொடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே கோட்டை முடிக்க வேண்டும். மாவு பிடிக்க வராத வயதில் சாக்பீஸைக் கொடுத்து மாடியில் விடுங்கள். மூன்று புள்ளி மூன்று வரிசையில் ஆரம்பித்தால் போதும். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோளிலிருந்து கையை அசைத்துப் பெரிய வளைவு போட இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை, டிராயிங் நோட்டில் பிள்ளைகள் மணிக்கட்டை மட்டும்தான் அசைப்பார்கள்.

அடுத்து, எதிரில் ஒரு பொருளை வைத்து வரைவது. கத்தரிக்காய் நல்ல தொடக்கம், கோணல் ஆனாலும் கத்தரிக்காயாகவே இருக்கும். வரைவதற்கு முன் இரண்டு நிமிடம் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது? தொப்பி மாதிரி இருக்கிறதே, அதன் நுனி எத்தனை? எங்கே பளபளக்கிறது? பிறகு ஒரு விளையாட்டு: பென்சிலைப் பேப்பரில் வைத்துவிட்டு, கண்ணைக் காயைவிட்டு எடுக்காமல், பேப்பரைப் பார்க்காமல் ஓரத்தை மட்டும் மெதுவாக வரைந்துகொண்டே போக வேண்டும். படம் கன்னாபின்னாவென்று வரும், வீடே சிரிக்கும், நீங்களும் வரைந்தால் இன்னும் சிரிக்கும். ஆனால் அந்தக் கோணல் கோட்டில் மனப்பாடமாக வந்தது எதுவும் இருக்காது, பார்த்தது மட்டும்தான் இருக்கும். ஏழு வயதுக்கு மேல் இதை வாரம் ஒரு தடவையாவது செய்யலாம்.

கத்தரிக்காய்க்கு அடுத்து சொம்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரியவர்களே தடுமாறும் இடம் இது. பிள்ளை சொம்பின் வாயை முழு வட்டமாக வரையும், அடியைத் தட்டையான நேர்க்கோடாகப் போடும். வாய் வட்டம் என்று அதற்குத் தெரியும், சொம்பு தரையில் உட்காரும் என்றும் தெரியும், தெரிந்ததை வரைகிறது. விளக்கம் கொடுக்காமல் சொம்பைக் கையில் எடுங்கள். பிள்ளையின் கண் மட்டத்துக்கு நேராக வாய் வரும்படி பிடியுங்கள், வாய் வெறும் கோடாகத்தான் தெரியும். மெதுவாகக் கீழே இறக்குங்கள், கோடு திறந்து முட்டை வடிவமாகும், இன்னும் இறக்கினால் அகலமாகும், நேர் மேலே நின்று பார்த்தால்தான் முழு வட்டம். இப்போது அடியைக் கேளுங்கள். அடி கண்ணிலிருந்து இன்னும் தள்ளிக் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடவே இருக்கும், நேர்க்கோடாக இருக்க வழியே இல்லை. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை டம்ளர், அண்டா, கிணறு, வண்டிச் சக்கரம் என்று எல்லாவற்றிலும் தேட ஆரம்பித்துவிடும்.

நிழலுக்கு ஒரு எளிய வழி. காலை ஒன்பது மணி வெயிலில் ஒரு பொம்மையை மாடியில் வைத்து, அதன் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து இன்னொரு தடவை. நிழல் சுருங்கி இடம் மாறியிருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நிழல் என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

கலர் கலக்குவது

பெயின்ட் புட்டியைத் திறந்த முதல் நாளில் படமே வேண்டாம். தட்டில் மஞ்சளை வைத்து, பிரஷ் நுனியில் கடுகளவு நீலம் தொட்டுக் கலக்கச் சொல்லுங்கள். மஞ்சளில்தான் நீலத்தைச் சேர்க்க வேண்டும், நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் பாதிப் புட்டி காலியானாலும் பச்சை வராது, அடர்ந்த கலர் லேசானதை விழுங்கிவிடும். அடுத்து இன்னொரு கடுகளவு நீலம், இன்னொன்று. வாழைக் குருத்து, வாழை இலை, துளசி, வேப்பிலை என்று வரிசையாகப் பச்சைகள் வரும். வெளியே போய் நாலைந்து இலை பறித்துவந்து, ஒவ்வொன்றின் கலரையும் கலக்கிப் பக்கத்தில் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். புட்டியில் வரும் ரெடிமேட் பச்சை ஒரு இலையோடும் ஒத்துப்போகாது என்பது தானாகப் புரியும். மாந்தளிர் கிடைத்தால் விடாதீர்கள், அதில் பச்சையே இருக்காது, செம்பு நிறம்.

ஊதாவில் மாட்டிக்கொள்வீர்கள். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று புத்தகம் சொல்லும், உங்கள் தட்டில் சேறுதான் வரும். வெர்மிலியன், ஸ்கார்லெட் என்று பெயர் போட்ட சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் இருக்கிறது, அதாவது உள்ளுக்குள் மஞ்சள், நீலம் சேர்ந்ததும் மூன்று கலரும் ஒன்றாகி பிரவுன் ஆகிவிடுகிறது. கிரிம்சன் அல்லது ரோஸ் என்று எழுதியிருக்கும் சிவப்பை எடுத்தால் ஊதா வரும். அந்தச் சேற்றையும் கொட்டிவிடாதீர்கள், மரத்துக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் அதுதான் கலர்.

கறுப்பு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், புட்டியில் கறுப்பு இருந்தால் பிள்ளை நிழல், தலைமுடி, ராத்திரி எல்லாவற்றுக்கும் அதையே அள்ளிப் பூசும், அலசாத பிரஷ்ஷால் மற்ற கலரும் கெடும். நீலத்தில் பிரவுனைக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு கிடைக்கும், அது உயிரோடு இருக்கும்.

தோல் கலர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். க்ரயான் பெட்டியில் வெளிர் ரோஸாக ஒரு குச்சி இருக்கும், நம் பிள்ளைகள் அதற்கு "ஸ்கின் கலர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி அந்தக் கலருக்கு வைத்திருந்த 'ஃப்ளெஷ்' என்ற பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது, நம் வீடுகளில் இன்னும் அது தோல் கலராகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் கையைத் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டச் சொல்லுங்கள். ஆரஞ்சு கலக்கி, அதில் துளி நீலம், கொஞ்சம் வெள்ளை. தன் கையின் கலர் வரும்வரை கலக்கட்டும். பிறகு அப்பாவின் கை, பாட்டியின் கை, ஒவ்வொன்றும் வேறு வேறு பிரவுன். வீட்டில் ஒருவர்கூட அந்தக் க்ரயானின் கலரில் இருக்கமாட்டார்கள்.

கொஞ்சம் வித்தை காட்ட வேண்டும் என்றால் வெள்ளை க்ரயானால் வெள்ளைத் தாளில் அழுத்தி ஏதாவது வரைந்து, மேலே தண்ணீராகக் கரைத்த நீல வாட்டர் கலரை அடியுங்கள், மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது, மறைந்திருந்த படம் வெளியே வரும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் கலரில் தொட்டு ஒற்றினால் பூப்பூவாக விழும், மூன்று வயதுப் பிள்ளைகூடச் செய்யும். சமையலறையிலும் பெயின்ட் உண்டு: மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள், அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. சுண்ணாம்பை நீங்களே கையாளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா கலந்த ரோஸ். வெயிலில் இதெல்லாம் சீக்கிரம் வெளுத்துவிடும், பரவாயில்லை.

முடிந்ததும் பிரஷ்ஷை டம்ளரில் தலைகீழாக நிறுத்திவைக்காதீர்கள், முடி வளைந்துவிடும், பிடியோடு சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கிப் பசையும் விட்டுப்போகும். சோப்பு போட்டு அலசி, விரலால் நுனியைக் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். இதைப் பிள்ளையே செய்யட்டும்.

என்ன சொல்வது, என்ன சொல்லக்கூடாது

"சூப்பர்!" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்கிறோம், பிள்ளைக்கு அது தெரியும். "இது என்ன?" என்ற கேள்வியும் வேண்டாம், யானை வரைந்த பிள்ளைக்கு அதைவிட அவமானம் இல்லை. "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள், "இந்த இடத்துல ஏன் இவ்வளவு சிவப்பு?" என்று கேளுங்கள், கதை வரும். கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடி என்று நச்சரிப்பதையும் கலரிங் புத்தகத்தையே படம் வரைதல் என்று நினைப்பதையும் நான் ஏற்பதில்லை, பஸ்ஸில் போகும்போது பிள்ளையை உட்காரவைக்க அது உதவும், அவ்வளவுதான். படிப்படியாக வரையச் சொல்லித் தரும் யூடியூப் வீடியோவும் அப்படித்தான்: எப்போதாவது பார்க்கலாம், தினமும் பார்த்தால் இரண்டு மலைக்குப் பதிலாக இன்னொரு மனப்பாடம்.

நேரம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். ஐந்து வயதுக்குப் பதினைந்து நிமிடம், எட்டு வயதுக்கு அரை மணி, "போதும்" என்றால் போதும். பெயின்ட்டை லீவு நாளில் வைத்துக்கொள்ளுங்கள், பென்சிலும் பேப்பரும் எப்போதும் கை எட்டும் இடத்தில் கிடக்கட்டும்.

ஒன்பது, பத்து வயதில் ஒரு சிக்கல் வரும். அதுவரை கவலையே இல்லாமல் வரைந்த பிள்ளை "எனக்கு வரைய வராது" என்று பேப்பரைத் தள்ளிவிடும். கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் அங்கே போகவில்லை, பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் வரைவதை நிறுத்துவது இந்த வயதில்தான். பாராட்டு இப்போது வேலைக்கு ஆகாது, கண்கூடாகப் பலன் தெரிகிற மாதிரி ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டும். முகத்தில் தொடங்கலாம். எல்லாப் பிள்ளையும் கண்ணை நெற்றியில் வரையும். கண்ணாடி முன் நிறுத்தி, ஸ்கேலால் உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்து பாதியைக் குறிக்கச் சொல்லுங்கள், கண் கிட்டத்தட்ட அந்தப் பாதியில்தான் இருக்கும். காது புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில். இந்த இரண்டைச் சரிசெய்தாலே படம் ஆள் மாதிரி ஆகிவிடும், பிள்ளைக்கும் நம்பிக்கை திரும்பும்.

அதே வயதில் வெளியே கூட்டிப்போய் உட்காரவையுங்கள். கோயில் மண்டபத் தூணில் ஒரு யாளி போதும், ஒரு மாலை ஓடிவிடும். மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை ஒற்றைக் கால் தவசி மாதிரி கையைத் தூக்கி நிற்கும், சுற்றி எலிகள். அதைக் கண்டுபிடித்து வரையச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைந்த படங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம், சுவரும் தப்பிக்கும். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தேதி எழுதுங்கள். முன்பக்கம் வேண்டாம், அது பிள்ளையின் இடம். வருடத்துக்கு ஒரு பத்துப் படத்தைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு ஃபைலில் போடுங்கள். மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம், பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.